பாடசாலையும் குப்பையும்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 5-ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம் என்ற பெயரால் நம் நாட்டுப் பாடசாலைகளில் ஒரு விழா நடைபெறுகிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று உறுதிமொழி கூறுகிறார்கள். பூமியின் படம் தீட்டிய அட்டைகளை ஏந்தி வீதிவலம் வருகிறார்கள். பிரமுகர் ஒருவர் மரக்கன்று ஒன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார். முடிவில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கப்படுகிறது. அந்த மிட்டாயைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் எங்கே போகிறது? பாடசாலையின் பின்மதில் ஓரத்துக்குப் போகிறது. மாலையில் அதற்குத் தீ வைக்கப்படுகிறது. காலையில் உறுதிமொழி கூறிய பிள்ளை மாலையில் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டே வீடு திரும்புகிறது.

பரிகாசத்துக்காக நாம் இதைச் சொல்லவில்லை. அன்றைய தினம் அப்பிள்ளை உண்மையில் கற்ற பாடம் எது? காலையில் சொன்னதா, மாலையில் கண்டதா? குழந்தைகள் காதால் கேட்பதைக் காட்டிலும் கண்ணால் காண்பதையே நம்புவார்கள் என்பது பிள்ளை வளர்த்தவர் யாவரும் அறிந்த விஷயம். சொல்வது ஒன்று, செய்வது வேறொன்று என்பதே அது கற்ற பாடமானால், கெடுவது மண்ணும் நீரும் மாத்திரம் அல்ல. நாளைய பிரஜைகளின் ஒழுக்கமும் சேர்ந்து கெடுகிறது. ஆகவே, பாடசாலையில் சுற்றுச்சூழலைக் கற்பிக்க வேண்டுமா என்பதல்ல இன்றையக் கேள்வி. கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு எதைக் கற்பித்து வருகிறோம் என்பதே கேள்வி.

உத்தரவுகளுக்குக் குறைவில்லை

சட்டமோ உத்தரவோ இல்லாமையால் இக்காரியம் நின்றுவிடவில்லை. 1991-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி, எம்.ஸி. மேத்தா தொடுத்த வழக்கில், பாடசாலைகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. சினிமாக் கொட்டகைகளில் காட்சி தொடங்குமுன் இதுபற்றி ஜனங்களுக்கு அறிவுறுத்தும் படங்களைக் காட்ட வேண்டுமென்றுங்கூட அத்தீர்ப்பு பணித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் பல மாகாணங்கள் அசையவில்லை. 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி நீதிமன்றம் மறுபடியும் கண்டித்துக் கட்டளையிட நேர்ந்தது. அதற்கிடையில் 2001-இல் மத்திய சர்க்கார் தேசியப் பசுமைப் படை என்ற பெயரில் பாடசாலைதோறும் சூழல் மன்றங்களை ஏற்படுத்தும் திட்டத்தை வகுத்தது. நமது மாநிலத்திலே முதல் வகுப்புக் குழந்தைக்கே சூழ்நிலையியல் என்று தனிப் பாடப் புத்தகம் இருக்கிறது.

ஆனால் என்ன நடந்தது? நீதிமன்றம் நாட்டில் ஒரு பழக்கத்தை உண்டாக்கக் கருதியது. நாமோ புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை உண்டாக்கினோம். 'மட்கும் குப்பை எவை, மட்காத குப்பை எவை?' என்ற கேள்விக்குப் பிள்ளைகள் பிசகின்றி விடை எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். அந்த விடைத்தாள் கட்டு பிறகு எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. நீந்துவது எப்படி என்று கட்டுரை எழுதச் சொல்லி நீச்சல் கற்பித்தவர் உண்டா? மண்ணைத் தொடாமல் மண்ணைக் காக்கும் கல்வியும் அத்தகையதே.

ஊரே பாடப் புத்தகம்

விருதுநகர் ஜில்லாவில் வத்திராயிருப்புக்கு அண்மையில் உள்ள சுந்தரபாண்டியத்தை எடுத்துக்கொள்வோம். தறியும் வயலும் ஜீவனமாகக் கொண்ட பேரூராட்சி அது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைத்தொடர் தெரிகிறது. சாம்பல் நிற அணிலைக் காப்பதற்காக 1988-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் ஏற்பட்டது இம்மலையில்தான். மேகமலையையும் சேர்த்து 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதும் இதே மலைதான். சதுரகிரி ஏறும் யாத்திரிகர்கள் ஆடி அமாவாசைக்குத் திரள் திரளாக வத்திராயிருப்பு வழியே தாணிப்பாறைக்குச் செல்கிறார்கள். அவர்கள் பக்தியோடு மலைக்கு ஏறுகிறார்கள். வழியெங்கும் தண்ணீர்ப் புட்டிகளையும் உணவுப் பொட்டலங்களின் உறைகளையும் விட்டு இறங்குகிறார்கள்.

மலையில் பெய்யும் மழை அங்கேயே நின்றுவிடுவதில்லை. பிளவக்கல் அணையிலும் கண்மாய்களிலும் தங்கி வயலை நனைத்தது போக, அர்ச்சுனா நதியாகக் கிழக்கே ஓடுகிறது. இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதிக்கு அருகே வைப்பாற்றோடு கலந்து, கடைசியில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. பவளப் பாறைகளும் கடற்பசுவும் உள்ள அக்கடற்பகுதி 1986-ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகும். மேற்கு மலைச்சாரலில் ஒரு பிள்ளை ஓடையில் வீசும் பை பெருமழைக் காலத்தில் இவ்வழியே கடல்வரை போகக் கூடும். இதைவிடச் சிறந்த பூகோள பாடம் ஒன்று உண்டா? எங்கோ வட துருவத்தில் பனி உருகுவதைப் படத்தில் காட்டுவதற்கு முன்னர், பாடசாலை வாசலிலுள்ள வாய்க்கால் எங்கே போகிறது என்று பிள்ளையை நடத்திச் சென்று காட்டட்டும். தன் ஊர் நீரின் வழி தெரிந்தவனுக்கு உலகத்தின் நீரைப் பற்றிச் சொன்னால் விளங்கும்.

இது அந்நியச் சரக்கு அல்ல

மறுசுழற்சி என்ற சொல் புதிது, காரியம் பழையது. நம் பாட்டிமார்கள் கிழிந்த சேலையைத் தொட்டிலாக்கினார்கள். தொட்டில் நைந்ததும் கைப்பிடித் துணியாக்கினார்கள். அதுவும் நைந்தபின் விளக்குத் திரியாகத் திரித்தார்கள். கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வந்தது. அப்பெட்டியே பிறகு அஞ்சறைச் சாமான் வைக்க உதவிற்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரும், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவரும் தெருத்தெருவாக வந்தார்கள். சாணமும் சருகும் எருக்குழிக்குப் போய் மறுபோகத்தில் நெல்லாகத் திரும்பின.

பழமையைப் புகழ்ந்து பாடுவது நம் நோக்கமல்ல. அந்தச் சிக்கனத்தில் பாதி வறுமையால் வந்தது என்பதை நாம் அறிவோம். வறுமை நீங்க வேண்டியதே. ஆனால் வறுமையோடு சேர்த்து அறிவையும் வெளியே தள்ளிவிட்டோம் என்பதே நம் குறை. நம் நாட்டுக் குழந்தைக்குச் சுற்றுச்சூழல் ஞானம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கு என்று எண்ணுகிறவர்கள், அக்குழந்தையின் பாட்டியை ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லட்டும்.

இந்த அறிவைச் சாஸ்திரமாக வகுத்துக் கொடுத்த பெரியாரும் நம்மவரே. தஞ்சையில் பிறந்து, லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்று, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1934-இல் அகில பாரதக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர் ஜே.ஸி. குமரப்பா. நிலைத்த பொருளாதாரம் என்ற கருத்தை விளக்கி 1945-இல் அவர் நூல் வெளியிட்டார். நிலக்கரியும் எண்ணெயும் போல எடுக்க எடுக்கக் குறையும் செல்வம் ஒன்று; நீரும் பயிரும் போல ஆண்டுதோறும் புதுப்பித்து வரும் செல்வம் மற்றொன்று. முதலாவதை நம்பிய வாழ்வு சண்டையில் முடியும், இரண்டாவதை நம்பிய வாழ்வே நிலைக்கும் என்பது அவர் கண்ட உண்மை. உலக மேதைகள் இன்று பெரிய மகாநாடுகளில் பேசுவதை எண்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கூறினார். அவர் தமது கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தி நிகேதனம் எங்கே இருக்கிறது? மதுரையிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில், தே. கல்லுப்பட்டியில் இருக்கிறது. சுந்தரபாண்டியம் பிள்ளைகள் ஒரு காலைப் பொழுதில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துத் திரும்பக் கூடிய தூரம். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார். அப்பெயரை இப்பகுதிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

கைத்தொழிலும் சாதியும்

கையால் செய்து கற்க வேண்டும் என்னும்போது ஒரு சந்தேகம் எழுவது நியாயம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கைத்தொழிலின் மூலமாகவே கணக்கும் மொழியும் விஞ்ஞானமும் கற்பிக்க வேண்டுமென்பது அதன் சாரம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொழிலை ஒன்றாக அமர்ந்து செய்ய வேண்டும் என்பது அதன் உயிர். பிறகு 1953-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் அரைநாள் பாடசாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலே பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றார்கள். அது குலக்கல்வி என்று மாகாணம் முழுவதும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் முதன் மந்திரியான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கைவிட்டது சரியே என்று நாம் கருதுகிறோம். ஆனால் அன்று முதல் பாடசாலையில் கைவேலை என்றாலே அச்சத்தோடு பார்க்கும் மனப்பான்மையும் வளர்ந்துவிட்டது.

குப்பை விஷயத்தில் இந்த அச்சத்துக்குத் தக்க காரணம் உண்டு. துப்புரவை ஒரு சாதியின் தலையில் நூற்றாண்டுக் கணக்காகச் சுமத்திய தேசம் இது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை ஒழிக்க 2013-ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்பதே நம் வெட்கத்துக்குச் சான்று. பாடசாலையில் துடைப்பத்தை எந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் அல்ல. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளையைக் குறிப்பாக அழைத்துக் கூட்டச் சொல்லும் உபாத்தியாயர் எவராயினும், அவர் சூழலைக் கற்பிக்கவில்லை, தீண்டாமையைக் கற்பிக்கிறார். கழிப்பறையைப் பிள்ளைகளைக் கொண்டு கழுவச் செய்வதும் கூடாது. அது கூலி கொடுத்து, கருவி கொடுத்து, மரியாதையோடு நடத்த வேண்டிய வேலை.

ஆகவே விதி தெளிவாக இருக்க வேண்டும். வேலை என்றால் முறை வைத்து எல்லோருக்கும் உண்டு: செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு, சேரிப் பிள்ளைக்கும் உண்டு, ஆண் பிள்ளைக்கும் உண்டு, பெண் பிள்ளைக்கும் உண்டு, முதலில் தலைமை உபாத்தியாயருக்கு உண்டு. ஆசிரமத்தில் காந்தியடிகள் தாமே மலக்கூடையைச் சுமந்து காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குச் சொன்னார். அந்த வரிசை தலைகீழானால் இக்கல்வியே விஷமாகும்.

செய்யக் கூடியது என்ன?

பெரும் பணச் செலவுள்ள யோசனை எதையும் நாம் கூறவில்லை. சர்க்கார் பாடசாலைகளில் நண்பகல் உணவு 1956 முதல் ஏதேனும் ஒரு வடிவில் நடந்து வருகிறது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. காய்கறித் தோலும் இலையும் மீந்த சோறும் நாள்தோறும் அங்கேயே கிடைக்கின்றன. ஒரு மூலையில் இரண்டு எருக்குழிகள் போதும். ஒரு படை உணவுக் கழிவு, அதன்மேல் இரு மடங்கு காய்ந்த சருகு, மேலே சிறிது மண்; ஈரம் குறைந்தால் தெளிப்பு, வாரம் ஒருமுறை கிளறல். ஒரு குழி நிறைந்து மட்கும்போது மற்றொன்றை நிரப்பலாம். இரண்டு மூன்று மாதத்தில் எரு கிடைக்கும். அதைப் பாடசாலைத் தோட்டத்துக் கீரைப் பாத்தியில் இட்டு, அக்கீரையை அதே அடுப்பங்கரைக்குத் திருப்பி அனுப்பினால், சுழற்சி என்றால் என்ன என்பதை விளக்க வேறு படம் வேண்டியதில்லை.

கணக்குப் பாடமும் இதில் உண்டு. 200 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் தலைக்கு நாளொன்றுக்கு ஒரு தின்பண்ட உறை விழுந்தால், 200 வேலை நாட்களில் 40,000 உறைகள். அவற்றைப் பிள்ளைகளே எண்ணட்டும், நிறுக்கட்டும், எந்தக் கம்பெனியின் உறை எத்தனை என்று பட்டியல் போடட்டும். பட்டியலைச் சுவரில் ஒட்டட்டும். ஒரு பக்கம் எழுதிய தாளைத் தைத்துக் கணக்குப் போடும் குறிப்பேடாக்கட்டும். தாளையும் அட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பழைய சாமான் கடையில் விற்று, வந்த காசுக்குப் பிள்ளைகளே வரவு செலவு எழுதட்டும்.

அத்தோடு உண்மையையும் மறைக்காமல் கற்பிக்க வேண்டும். மறுசுழற்சி சகல ரோக நிவாரணி அல்ல. பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைக் காட்டிலும் ஏறக்குறைய 95 சதவீதம் சக்தி மிச்சமாகிறது; திரும்பத் திரும்ப உருக்கலாம். காகிதத்தின் நார் சில தடவையில் தேய்ந்துவிடும். பிளாஸ்டிக்கின் கதையோ வேறு. 2015-ஆம் ஆண்டு வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையில் சுமார் 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போயிற்று என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். பல படலங்களை ஒட்டிச் செய்த தின்பண்ட உறையைப் பழைய சாமான் கடைக்காரரும் தொடுவதில்லை. இதைக் கேட்ட பிள்ளை, 'அப்படியானால் அதை ஏன் செய்கிறார்கள்?' என்று கேட்கும். அந்தக் கேள்வி பிறந்த நாளே இக்கல்வி பயன் தந்த நாள்.

பிள்ளைமீது மட்டும் பாரமா?

அக்கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பண்டங்களுக்குத் தமிழ்நாடு சர்க்கார் விதித்த தடை 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. தொழிற்சாலையிலேயே அடைத்துவரும் பண்டங்களின் உறைகளுக்கு முதலில் விலக்கு அளித்திருந்தார்கள். 2020-இல் அவ்விலக்கை நீக்கினார்கள். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. 2022-இல் மத்திய சர்க்கார், சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தி விதி வகுத்தது. இவையெல்லாம் நல்ல உத்தரவுகளே. ஆயினும் பாடசாலைக்கு எதிரேயுள்ள பெட்டிக்கடையில் பளபளக்கும் உறைகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பெரிய முதலாளி இலாபத்தை எடுத்துக்கொண்டு உறையை நம் ஊர் வாய்க்காலுக்கு விடுகிறான். பிறகு அதைப் பொறுக்கும் கடமையை எட்டு வயதுக் குழந்தைக்கு உபதேசிக்கிறோம். இது நீதியா?

பேரூராட்சிக்கும் கடமை உண்டு. பிள்ளைகள் காலையில் இரண்டு கூடைகளில் பிரித்து வைத்ததை வண்டி வந்து ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனால், அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு வருஷத்துப் பாடம் பாழாகிறது. வண்டியில் தடுப்பு ஒன்று வைக்கப் பெரும் செலவாகாது. குப்பைமேட்டுக்குத் தீ வைப்பதை நிறுத்தப் பணமே வேண்டாம்.

உபாத்தியாயர்களுக்கு ஏற்கெனவே பதிவேடுகளும் புள்ளி விவரங்களும் மூச்சுத் திணற வைக்கின்றன. இதுவும் ஒன்றா என்று அவர்கள் அலுத்துக்கொள்வது நியாயமே. ஆகையால் இதற்கென்று இன்னொரு பதிவேட்டைத் திறக்க வேண்டாம். ஒரு விழாவைக் குறைத்து, வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள் என்று கல்வி இலாகாவைக் கேட்கிறோம். 'பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, குப்பை அள்ள அனுப்பினோமா?' என்று கேட்கும் பெற்றோரின் கவலையும் நியாயமானதே. பரம்பரை பரம்பரையாக அள்ளியவர்கள் கேட்கும்போது அதில் வேதனையும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சமமாகச் செய்கிறார்கள், அதன்மூலம் கணக்கும் விஞ்ஞானமும் தெளிகிறது என்று கண்ணால் கண்டால்தான் அவர்கள் சமாதானம் அடைவார்கள். வாயால் சொல்லிப் பயனில்லை.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பாடசாலைதோறும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பாடசாலையின் நடவடிக்கையைக் கவனிக்கவும், அபிவிருத்தித் திட்டம் வகுக்கவும், வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று கேட்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. மேடையிலே பூமியைக் காப்போம் என்று முழங்குவோர் தம் ஊர்ப் பாடசாலைக் குழு கூடும் தினத்தில் அங்கே சென்று மூன்று கேள்விகள் கேட்கட்டும். எருக்குழி எங்கே? துடைப்பம் யார் கையில்? பிரித்த குப்பை வண்டியில் பிரிந்தே போகிறதா? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்கும் ஊரில் சுற்றுச்சூழல் தினம் தனியாகக் கொண்டாட வேண்டியதில்லை.

அந்நியனை வெளியேற்றினால் மட்டும் சுயராஜ்யம் ஆகிவிடாது, நம் அழுக்கை நாமே அகற்றவும் தெரிய வேண்டும் என்றுதான் நிர்மாணத் திட்டத்தில் கிராமத் துப்புரவைக் காந்தியடிகள் சேர்த்தார். அன்று பெரியவர்களுக்குச் சொன்னதை நாம் குழந்தைகளின் புத்தகத்துக்கு ஒதுக்கிவிட்டோம். சுந்தரபாண்டியத்துப் பிள்ளை மேற்கே மலையையும் கிழக்கே ஓடும் நீரையும் நாளை தன் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால், பாடசாலைப் பின்மதிலில் எரியும் அந்தச் சிறு தீயை முதலில் அணைக்க வேண்டும். அதை அணைப்பது பெரியவர்களின் கடமை.